பல வருடம் சும்மா கிடந்த சிறு சிஎன்சி: என்ன கோளாறு, எங்கே பார்ப்பது

ஓரமாகக் கிடந்த பழைய சிஎன்சி இயந்திரம் (கம்ப்யூட்டர் கட்டளைப்படி மரம், உலோகம் வெட்டுவது) ஒன்று கைக்கு வந்தால், உடனே சுவிட்சைப் போட்டுப் பார்க்கத்தான் மனம் துடிக்கும். அதைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடுங்கள். இந்த இயந்திரம் ஒரு காலத்தில் ஒழுங்காக ஓடியது. அன்றைக்கு அதில் இருந்த எண்களும், ஒயரிங்கும், குட்டிச் சுவிட்சுகளின் நிலையும் சரியாகவே இருந்திருக்கும். கிடந்த காலத்தில் எண்கள் தாமாகக் கெட்டுவிடாது. கிரீஸ் இறுகும், கனெக்டர் கறுக்கும், கப்பாசிட்டர் காயும், பேட்டரி தீரும், பெல்ட் வெடிக்கும். அதனால் முதலில் பொருளைச் சந்தேகியுங்கள், செட்டிங்கை எல்லாவற்றுக்கும் கடைசியில் தொடுங்கள். பழைய இயந்திரங்கள் பல நிரந்தரமாக முடங்கிப்போவது, வந்த முதல் நாளே யாரோ செட்டிங் திரையைத் திறந்து எண்களை மாற்றிவிடுவதால்தான். அப்புறம் ஒரு கோளாறு இரண்டாகிவிடும், எது பழையது எது புதியது என்று பிரித்துச் சொல்லவே முடியாது.

இதற்கு விதிவிலக்கு, கம்ப்யூட்டரையோ மோட்டாரை ஓட்டும் டிரைவர் போர்டையோ மாற்றியிருந்தால், அல்லது கம்ப்யூட்டரின் பேட்டரி தீர்ந்திருந்தால். அவற்றைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

இங்கே மனதில் வைத்திருப்பது இரண்டு வகை இயந்திரங்களை. ஒன்று, 25 பின் பேரலல் போர்ட் வழியாக மாக்3 அல்லது லினக்ஸ்சிஎன்சி மென்பொருளில் ஓடுவது. மற்றொன்று, ஆர்டுயினோ என்ற சிறு கன்ட்ரோலர் போர்டில் ஜிஆர்பிஎல் மென்பொருளை ஏற்றி யூஎஸ்பி வழியாக ஓடுவது. வேறு கன்ட்ரோலர் இருந்தாலும் மோட்டார், ஸ்க்ரூ, பவர் சப்ளை பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும்.

சுவிட்சைப் போடும் முன்

முதல் வேலை, பழைய செட்டிங்கைக் காப்பாற்றுவது. மாக்3 என்றால் அதன் ஃபோல்டருக்குள் அந்த இயந்திரத்தின் ப்ரொஃபைல் பெயரில் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் இருக்கும். லினக்ஸ்சிஎன்சி என்றால் கான்ஃபிக் ஃபோல்டரில் ஐஎன்ஐ, ஹெச்ஏஎல் ஃபைல்கள். அந்த ஃபோல்டரை முழுதாகவே பென் டிரைவில் எடுத்து வையுங்கள். முடிந்தால் ஹார்டு டிஸ்க்கையே இமேஜ் எடுத்துவிடுங்கள். வருடக்கணக்கில் சுழலாத டிஸ்க் இன்று ஓடினாலும் நாளை ஓடும் என்று நம்ப முடியாது. ஜிஆர்பிஎல் என்றால், தொடர்பு கிடைத்த உடனே $$ என்று அடித்து வரும் பட்டியலை அப்படியே காப்பி செய்து வைத்துக்கொள்ளுங்கள். டிரைவரில் இருக்கும் டிப் ஸ்விட்சுகள், ஒவ்வொரு ஒயரும் எங்கே போகிறது என்பது எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள்.

அடுத்தது கை வேலை. மின்சாரம் இல்லாமல் ஒவ்வொரு அச்சையும் (எக்ஸ், ஒய், இசட்), அதை நகர்த்தும் நீண்ட ஸ்க்ரூவைப் பிடித்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகச் சுழற்றுங்கள். மெதுவாக என்பதற்குக் காரணம் உண்டு: ஸ்டெப்பர் மோட்டாரை (ஸ்டெப் ஸ்டெப்பாகச் சுழலும் மோட்டாரை) வேகமாகச் சுழற்றினால் அது ஜெனரேட்டராகி, டிரைவருக்குள் மின்னழுத்தத்தைத் திருப்பி அனுப்பும். முழு நீளமும் ஒரே அழுத்தத்தில் சுழன்றால் நல்லது. ஓரிடத்தில் மட்டும் இறுகினால் அங்கே துருவோ, வளைவோ, இறுகிய கிரீஸோ இருக்கிறது. மரத்தூளும் பழைய கிரீஸும் கலந்தால் பசைபோல ஆகிவிடும். அதன்மேல் புதுக் கிரீஸ் தடவிப் பயனில்லை. மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷால் தேய்த்து, துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு புதிதாகப் போடுங்கள். துரு இளக்கும் ஸ்பிரே சுத்தம் செய்ய உதவும், மசகாக நிற்காது. அதை அடித்துவிட்டு அப்படியே ஓட்டாதீர்கள்.

பிறகு மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளிங்குகளைப் பாருங்கள். கப்ளிங்கை ஷாஃப்டோடு பிடித்துவைக்கும் சிறு கிரப் ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் இறுக்குங்கள். இறுக்கிய பின், மோட்டார் ஷாஃப்ட், கப்ளிங், ஸ்க்ரூ மூன்றின் மேலும் ஒரே நேர்கோடாக மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். செலவே இல்லாத வேலை, ஆனால் பின்னால் அளவு தவறும்போது இந்தக் கோடு உங்கள் நேரத்தைப் பெரிதும் மிச்சப்படுத்தும். கோடு விலகியிருந்தால் கப்ளிங் நழுவுகிறது, விலகவில்லை என்றால் இல்லை. அவ்வளவுதான் தீர்ப்பு.

கோளாறு: மின்சாரம் போட்டும் உயிரே இல்லை

முதலில் அவசர நிறுத்தக் குமிழ். பல வருடம் முன்பு யாரோ அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள், திருப்பி விடுவித்தால்தான் மின்சாரம் உள்ளே போகும். அடுத்து ஃப்யூஸ். அதற்கடுத்து பவர் சப்ளையின் பக்கவாட்டில் இருக்கும் 115/230 சுவிட்ச். இயந்திரம் நாடு மாறி வந்திருந்தால் சுவிட்சைப் போடும் முன்பே இதைப் பார்த்தாக வேண்டும். 230 வோல்ட் வரும் இடத்தில் 115இல் வைத்துப் போட்டால் சப்ளை அந்த நிமிடமே போய்விடும்.

சப்ளையைச் சோதிக்கும்போது அதன் வெளியீட்டு ஒயர்களைக் கழற்றிவிட்டு, வெறும் சப்ளையை மட்டும் மல்டிமீட்டரில் பாருங்கள். 24 வோல்ட் சப்ளை 24 பக்கத்திலும், 36 வோல்ட் சப்ளை 36 பக்கத்திலும் காட்ட வேண்டும். வெறுமையாக இருக்கும்போது சரியாகக் காட்டி, மோட்டார்கள் பிடித்த உடனே சரிந்தால் உள்ளே கப்பாசிட்டர் காய்ந்திருக்கிறது. தலை உப்பியிருப்பது, அடியில் பழுப்பாகக் கசிந்திருப்பது, மீன் வாடை போல ஒரு நாற்றம் இவை கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியும் அடையாளங்கள். மூடியைத் திறக்கும் முன் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள், பிறகு மீட்டரில் பூஜ்யம் என்று பார்த்த பின்பே கை வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மரும் பெரிய கப்பாசிட்டரும் வைத்துச் செய்த பழைய சப்ளைகள் வெகுநேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

பழைய நீல நிற மூன்றச்சு போர்டுகளில் டிபி6560 என்ற சிப் இருக்கும். அந்தச் சிப்புக்குப் பரிந்துரைத்த உச்ச வேலை அழுத்தம் 34 வோல்ட், அது தாங்கும் கடைசி எல்லை 40. ஆனால் அதோடு 36 வோல்ட் சப்ளையைச் சேர்த்து ஓட்டியவர்கள் நிறையப் பேர். மோட்டார் வேகம் குறைக்கும்போது அழுத்தம் இன்னும் ஏறும், சிப் சட்டென்று போய்விடும். அப்படி ஒரு சேர்க்கை உங்களிடம் இருந்தால் சப்ளையை 24 வோல்ட்டாக மாற்றிவிட்டு ஓட்டுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், போர்டு பிழைக்கும். இந்தச் சிப்புக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு: 5 வோல்ட் முதலில் வர வேண்டும், மோட்டார் மின்சாரம் பிறகு. அணைக்கும்போது வரிசை தலைகீழ்.

கோளாறு: கம்ப்யூட்டருக்கும் இயந்திரத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை

பேரலல் போர்ட் இயந்திரத்தில் நான் முதலில் பார்ப்பது கம்ப்யூட்டரின் மதர்போர்டில் இருக்கும் 2032 காசு பேட்டரியைத்தான். கம்ப்யூட்டர் தேதியைப் பல வருடம் பின்னால் காட்டினால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பேட்டரி தீர்ந்தால் பயாஸ் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது ஓடும் அடிப்படை மென்பொருள்) செட்டிங் எல்லாம் தொழிற்சாலை நிலைக்குப் போய்விடும், பேரலல் போர்ட் வேறு முறைக்கு மாறியிருக்கும் அல்லது அணைந்தே போயிருக்கும். இயந்திரத்தைத் தொடாமலே இயந்திரம் செத்ததுபோலத் தோன்றும். புது பேட்டரி போட்டு, பயாஸில் போர்ட்டை இயக்கி, ஈபிபி முறையில் வைத்து, முகவரியை ஹெக்ஸ் 378 என்று கொடுங்கள். மதர்போர்டில் உள்ள போர்ட்டுக்கு வழக்கமான முகவரி அதுதான். தனியாகச் செருகிய பிசிஐ கார்டு என்றால் முகவரி வேறாக இருக்கும், டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டின் ரிசோர்ஸ் பக்கத்தில் பார்த்து அதே எண்ணை மென்பொருளில் கொடுக்க வேண்டும்.

கம்ப்யூட்டரையே மாற்றியிருந்தால் மூன்று விஷயம். மாக்3இன் பேரலல் போர்ட் டிரைவர் மென்பொருள் 64 பிட் விண்டோஸில் ஓடாது. யூஎஸ்பியிலிருந்து பேரலல் ஆக்கும் கேபிள் பிரிண்டருக்காக மட்டும் செய்யப்பட்டது, அதில் சிஎன்சி ஓடாது, எந்த செட்டிங் மாற்றினாலும் ஓடாது. லேப்டாப்பில் போர்ட் இருந்தாலும் மின்சாரம் மிச்சப்படுத்தும் ஏற்பாடுகள் மோட்டாரை நகர்த்தும் பல்ஸை (மின் துடிப்பை) கலைக்கும். இந்த மூன்றில் ஒன்று உங்கள் நிலைமை என்றால் மற்றவற்றைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

போர்ட் சரியாக இருந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், சமிக்ஞை எதுவரை வருகிறது என்று மீட்டரில் பின்தொடரலாம். ஸ்டெப் பல்ஸ் மிகச் சின்னது, சாதாரண மீட்டரில் தெரியாது. அதனால் திசை சமிக்ஞையைப் பாருங்கள். அந்த அச்சை ஒரு பக்கம் ஜாக் செய்தால் (திரையிலிருந்து நேரடியாக நகர்த்தினால்) திசைப் பின் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும், எதிர்ப்பக்கம் ஜாக் செய்தால் 5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கும், அல்லது இதற்கு நேர்மாறாக. மீட்டரின் கறுப்பு முனையை 18 முதல் 25 வரையுள்ள ஏதாவதொரு கிரவுண்ட் பின்னில் வையுங்கள். கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் மாறுகிறது, கேபிளின் மறுமுனையில் மாறவில்லை என்றால் கேபிள்தான். 25 பின் கேபிள்கள் வெளியே ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் சிலவற்றில் எல்லா ஒயரும் உள்ளே இருக்காது. கம்ப்யூட்டரின் பின்பக்கத்திலேயே உச்சம் 3.3 வோல்ட்டுக்கு மேல் ஏறவில்லை என்றால், அது பிற்காலத்து மதர்போர்ட். சில பழைய பிரேக்அவுட் போர்டுகள் (போர்ட்டின் பின்களை டிரைவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பவை) 3.3ஐ ஏற்றுக்கொள்ளாது, அதற்கு 5 வோல்ட் தரும் பிசிஐ கார்டு போட வேண்டும்.

ஜிஆர்பிஎல் பக்கம் கதை சின்னது. கேபிள் சார்ஜ் செய்ய மட்டுமான கேபிளாக இருக்கக் கூடாது. மலிவான ஆர்டுயினோ நகல்களுக்குச் சிஎச்340 டிரைவர் மென்பொருள் தேவைப்படும். போர்ட் தெரிகிறது, ஆனால் திரையில் குப்பை எழுத்துகள் வருகின்றன என்றால் வேகம் பொருந்தவில்லை. 0.9 பதிப்பு முதல் 115200, அதற்கு முந்தைய 0.8 என்றால் 9600.

கோளாறு: ரீசெட் விலகவில்லை, அலாரம் போகவில்லை

மாக்3இல் ரீசெட் பட்டன் மின்னிக்கொண்டே இருந்தால், அவசர நிறுத்தத்தின் சுற்று எங்கோ திறந்திருக்கிறது. அந்தச் சுவிட்ச் மூடிய நிலையில் இருக்கும் வகை, அதாவது ஒயர் அறுந்தாலும் நிறுத்தம் என்றே கணக்கு. இது நல்ல ஏற்பாடு, மென்பொருளில் அதை அணைத்துவிட்டு ஓட்ட நினைக்காதீர்கள். சுவிட்சின் இரு முனையிலும் மீட்டரில் கன்டினியூட்டி (சுற்று தொடர்கிறதா) பாருங்கள். பழைய சுவிட்சுகளின் உள்தகடு கறுத்துப் போயிருக்கும், இருபது முப்பது முறை அழுத்தி விடுவித்தாலே சில சமயம் பிடித்துக்கொள்ளும். ஆனால் உயிர்காக்கும் சுவிட்சை அப்படி விட்டுவைக்க வேண்டாம், புதியதாக மாற்றிவிடுங்கள்.

ரீசெட் விலகுகிறது, ஆனால் டிரைவர்கள் விழிக்கவில்லை என்றால் சார்ஜ் பம்ப் பற்றி விசாரியுங்கள். சில போர்டுகள் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அடையாளமாக ஒரு பின்னில் தொடர்ச்சியான அலையை எதிர்பார்க்கும். அது வராவிட்டால் வெளியீடு எதையும் திறக்காது. கெக்கோ ஜி540 போர்டு அந்த வகை. பழைய ப்ரொஃபைல் ஃபைல் தொலைந்து புதிதாக அமைத்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள்.

ஜிஆர்பிஎல்லில் ஹோமிங் (அச்சுகள் தொடக்க இடத்தைத் தேடிப் போவது) இயக்கப்பட்டிருந்தால் மின்சாரம் போட்டதும் பூட்டிய நிலையில் வருவது இயல்பு, அது கோளாறே இல்லை. டாலர் குறியோடு ஹெச் எழுத்தை அடித்து ஹோமிங் செய்யுங்கள். சோதனைக்காக மட்டும் டாலர் குறியோடு எக்ஸ் அடித்துப் பூட்டைத் திறக்கலாம். பழைய வி3 ஷீல்டு (ஆர்டுயினோவின் மேல் செருகும் போர்டு) வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஷீல்டு 0.8 காலத்தில் வரையப்பட்டது. 0.9இலிருந்து இசட் லிமிட்டும் (அச்சின் எல்லையைக் காட்டும் சுவிட்சின் பின்), ஸ்பிண்டிலை (வெட்டும் கருவியைச் சுழற்றும் மோட்டாரை) இயக்கும் பின்னும் இடம் மாறிவிட்டன, இசட் லிமிட் 12ஆம் பின்னுக்கும் ஸ்பிண்டில் 11ஆம் பின்னுக்கும் போயின. ஷீல்டின் மேல் அச்சிட்ட பெயரை நம்பி ஒயர் கொடுத்தால் இசட் ஹோமிங் நிற்காமல் போய் முட்டும்.

கோளாறு: மோட்டார் பிடிக்கவில்லை, அல்லது நின்ற இடத்திலேயே நடுங்குகிறது

இங்கே ஒரு விதியை எழுதி இயந்திரத்தின் மேலேயே ஒட்டிவிடுங்கள்: மின்சாரம் இருக்கும்போது மோட்டார் ஒயரைக் கழற்றக் கூடாது, செருகவும் கூடாது. கழற்றும் நொடியில் சுருளிலிருந்து எழும் மின்னழுத்தம் டிரைவரைக் கொன்றுவிடும். லூஸான கனெக்டரும் இதே வேலையைச் செய்யும், அதனால்தான் பழைய இயந்திரத்தில் கனெக்டர்களை முதலில் சுத்தம் செய்யச் சொல்கிறேன்.

மின்சாரம் போட்டபின் ஷாஃப்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். லேசாகச் சுழன்றால் டிரைவருக்கு இயங்கும் அனுமதி போகவில்லை, அல்லது மோட்டார் மின்சாரம் வரவில்லை. கல்போலப் பிடித்திருந்து, கட்டளை கொடுத்தாலும் நகராவிட்டால் ஸ்டெப் சமிக்ஞை வரவில்லை. பிடித்திருந்து, கட்டளை கொடுத்ததும் முன்னும் பின்னுமாக நடுங்கினால் அநேகமாக ஒரு சுருள் அறுந்திருக்கிறது. நான்கு ஒயர் மோட்டாரில் இரண்டு சுருள். மின்சாரத்தை அணைத்து, மோட்டாரைக் கழற்றி, ஒவ்வொரு ஜோடியின் ஓமையும் அளவெடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணாக, பெரும்பாலும் சில ஓமுக்குள் இருக்க வேண்டும். மோட்டார் உடம்புக்கும் ஒயருக்கும் இடையே எதுவும் காட்டக் கூடாது. அளவெடுக்கும்போது கேபிளை வளைத்து, ஆட்டிப் பாருங்கள். அச்சோடு சேர்ந்து ஓடும் கேபிள் வெளியே நன்றாக இருந்து, உள்ளே செம்பு ஒடிந்திருப்பது மிக வழக்கம். மேசை ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் மோட்டார் நடுங்குகிறது என்றால் வேறெதையும் தேடாமல் கேபிளை மாற்றிவிடலாம்.

ஒரே ஒரு அச்சு மட்டும் முரண்டு பிடித்தால் இடமாற்றிப் பாருங்கள். மின்சாரத்தை அணைத்து, எக்ஸ் மோட்டாரின் ப்ளக்கை ஒய் டிரைவரிலும், ஒய் மோட்டாரின் ப்ளக்கை எக்ஸ் டிரைவரிலும் செருகுங்கள். இரண்டும் ஒரே ஆம்பியர் அளவில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கோளாறு மோட்டாரோடு சேர்ந்து இடம் மாறினால் குற்றம் மோட்டாரில் அல்லது அதன் கேபிளில். டிரைவரோடு அங்கேயே தங்கிவிட்டால் டிரைவர் அல்லது அதற்கு முந்தைய சமிக்ஞை. அப்படியானால் மோட்டார்களைப் பழையபடி மாட்டிவிட்டு, டிரைவருக்கு வரும் சமிக்ஞை ஒயர்களை இடமாற்றிப் பாருங்கள். இரண்டே மாற்றத்தில் மூன்று பொருளில் எது என்று தெரிந்துவிடும். விலை கொடுத்துப் புது டிரைவர் வாங்கும் முன் இதைச் செய்தே ஆக வேண்டும்.

கோளாறு: ஓடுகிறது, ஆனால் அளவு சரியில்லை

இதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும், அவசரப்பட்டு எண்ணை மாற்றுவதும் இங்கேதான். 'அளவு தவறுகிறது' என்பது ஒரு கோளாறு அல்ல, குறைந்தது நான்கு. அவை ஒவ்வொன்றுக்கும் வேறு முகம் உண்டு. முதலில் எந்த முகம் என்று அடையாளம் காணுங்கள்.

வழி எளிது. டயல் கேஜோ நல்ல வெர்னியரோ வைத்து, 100 மி.மீ. நகரச் சொல்லி, எவ்வளவு நகர்ந்தது என்று குறியுங்கள். அதையே பல முறை செய்யுங்கள், எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அணுகுங்கள்.

ஒவ்வொரு முறையும் ஒரே எண் வருகிறது, ஆனால் அது 100 இல்லை என்றால், இது ஒரு மி.மீ.க்கு எத்தனை ஸ்டெப் என்ற கணக்கின் தவறு. கணக்கு இதுதான்: மோட்டாரின் ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், அதை மைக்ரோஸ்டெப்பால் (ஒரு ஸ்டெப்பை டிரைவர் எத்தனையாகப் பிரிக்கிறது என்ற எண்ணால்) பெருக்கி, ஒரு சுற்றுக்கு மேசை நகரும் தூரத்தால் வகுக்க வேண்டும். 8 மைக்ரோஸ்டெப், 5 மி.மீ. பால் ஸ்க்ரூ என்றால் 320. சரியாகப் பாதியோ இரண்டு மடங்கோ நகர்ந்தால் யாரோ டிப் ஸ்விட்சைத் தட்டியிருக்கிறார்கள், அல்லது சுவிட்சே பழுது. 101.6 என்று வந்தால் ஸ்க்ரூ அங்குலக் கணக்கில் செய்தது: 5 மி.மீ. என்று நினைத்தது உண்மையில் 5.08, அதாவது ஓர் அங்குலத்துக்கு ஐந்து சுற்று. பழைய ஷெர்லைன், டேக் மில்களின் அங்குல வகைகளில் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 1.27 மி.மீ. போகும். ஸ்க்ரூ இயந்திரத்தில் இந்த எண்ணைக் கணக்கிட்டுத்தான் போட வேண்டும், அளந்து அளந்து திருத்தக் கூடாது. திருத்தினால் அளக்கும் தவறும், பிளேயும் (நட், பேரிங் போன்றவற்றின் தளர்வும்) அந்த எண்ணுக்குள் புகுந்துவிடும். பெல்ட் இயந்திரத்தில் மட்டும் பெல்ட்டின் நீட்சிக்காக அளந்து திருத்துவது நியாயம். பழைய எண்ணை 100ஆல் பெருக்கி, அளந்த தூரத்தால் வகுத்தால் புது எண்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வந்தால் ஸ்டெப் தொலைகிறது, அல்லது எங்கோ நழுவுகிறது. மார்க்கர் கோட்டைப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் கதை முடிந்தது, கிரப் ஸ்க்ரூவை இறுக்குங்கள். ஷாஃப்டில் தட்டைப் பகுதி இருந்தால் கிரப் ஸ்க்ரூ அதன்மேல் உட்காரட்டும். கோடு நேராக இருந்தால், அந்த அச்சின் வேகத்தையும் முடுக்கத்தையும் சோதனைக்காகப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். பாதியில் சரியாக ஓடினால் மோட்டாருக்குச் சுமை அதிகம். முன்பு முழு வேகத்தில் ஓடிய இயந்திரம்தானே இது? இப்போது மட்டும் ஏன் சுமை? அநேகமாக உராய்வு கூடியிருக்கிறது அல்லது சப்ளை தளர்ந்திருக்கிறது. வேகத்தைக் குறைத்தே விட்டுவிட்டால் காரணம் உள்ளே இருந்துகொண்டே இருக்கும். பழையபடி சுத்தம், மசகு, சப்ளை மூன்றையும் பார்த்து, வேகத்தைப் பழைய எண்ணுக்கே திருப்புங்கள்.

வேகத்துக்கு ஓர் எல்லை கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. மாக்3இல் கர்னல் வேகம் 25 கிலோஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 25,000 ஸ்டெப்புக்கு மேல் அனுப்ப முடியாது. ஒரு மி.மீ.க்கு 320 ஸ்டெப் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 4,687 மி.மீ. வரை போகும், போதுமானது. ஆனால் 2 மி.மீ. ஸ்க்ரூவில் 16 மைக்ரோஸ்டெப் வைத்தால் ஒரு மி.மீ.க்கு 1,600 ஸ்டெப், உச்ச வேகம் நிமிடத்துக்குச் சுமார் 937 மி.மீ.தான். அதிக மைக்ரோஸ்டெப் வைத்தால் துல்லியம் கூடும் என்று நம்பி யாராவது சுவிட்சை மாற்றியிருந்தால் இங்கே வந்து இடிக்கும். லினக்ஸ்சிஎன்சியில் லேட்டன்சி சோதனையை (கம்ப்யூட்டரின் தாமதத்தை அளப்பதை) ஓடவிட்டு, கூடவே நாலைந்து ஜன்னல் திறந்து, பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி செய்து கொடுமைப்படுத்துங்கள். 20,000 நானோவினாடிக்குள் நின்றால் அருமை, 50,000 வரை ஓட்டலாம், ஒரு லட்சத்தைத் தாண்டினால் அந்தக் கம்ப்யூட்டர் இந்த வேலைக்கு ஆகாது.

மூன்றாவது முகம் கொஞ்சம் விசித்திரமானது. நேராக நீளமாக ஓடினால் அளவு சரி. ஆனால் வளைவுகளும் திருப்பங்களும் நிறைந்த வேலையில் முழு வடிவமும் மெல்ல மெல்ல ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு அடுக்கும் முந்தைய அடுக்குக்குப் பக்கத்தில் படிக்கட்டுபோல விலகி நிற்கும். இது ஸ்டெப் பல்ஸின் முனை தலைகீழாக இருப்பதன் அடையாளம். திசை மாறும் அதே கணத்தில் ஸ்டெப்பும் விழுந்து, ஒவ்வொரு திசை மாற்றத்திலும் ஒரு ஸ்டெப் வரை தவறாகிறது. 320 கணக்கில் ஒரு ஸ்டெப் 0.003 மி.மீ.தான், கண்ணுக்கே தெரியாது. 500 முறை திசை மாறினால் ஒன்றரை மி.மீ. போய்விடும். மென்பொருளில் ஸ்டெப் பின்னின் ஆக்டிவ் லோ குறியை (பல்ஸின் முனையைத் தலைகீழாக்குவது) மட்டும் மாற்றி அதே வேலையை மீண்டும் ஓட்டிப் பாருங்கள். டிரைவரை மாற்றியவர்களுக்கும், புதிதாக ப்ரொஃபைல் செய்தவர்களுக்கும் இது வரும். எதையும் மாற்றாத பழைய இயந்திரத்துக்கு வராது.

நான்காவது, பிளே. திசை திருப்பும்போது மட்டும் தவறும், ஒரே திசையில் தவறாது. ஒரு வட்டம் வெட்டினால் நான்கு திசைமுனைகளிலும் சின்னத் தட்டையோ படியோ தெரியும். வட்டம் எக்ஸ் பக்கமாகவோ ஒய் பக்கமாகவோ நீண்டிருந்தால் அது பிளே இல்லை, அந்த அச்சின் ஸ்டெப் கணக்கு. வட்டம் மூலைவாட்டில் சாய்ந்து நீண்டிருந்தால் இரு அச்சுகளும் செங்குத்தாக இல்லை. இருபுறமும் மோட்டார் வைத்த கான்ட்ரி இயந்திரங்களில் (மேசைக்கு மேல் பாலம்போல நகரும் சட்டம் உள்ளவற்றில்), மின்சாரம் இல்லாதபோது யாராவது ஒரு பக்கத்தைத் தள்ளிவிட்டாலே இது நடக்கும்.

பிளே எங்கே என்று கண்டுபிடிக்க, மோட்டார் பிடித்திருக்கும்போது மேசையை இரு கையாலும் முன்னும் பின்னும் தள்ளுங்கள், கேஜ் மேசையில் நிற்கட்டும். மேசை ஆடுகிறது, ஸ்க்ரூ அசையவில்லை என்றால் நட் தேய்ந்திருக்கிறது. ஸ்க்ரூவே நீளவாட்டில் போய் வருகிறது என்றால் முனையில் உள்ள பேரிங்கின் லாக் நட் தளர்ந்திருக்கிறது, இதை இறுக்கினாலே பாதிப் பிரச்சினைகள் தீர்ந்துவிடும். மென்பொருளில் பிளே ஈடுகட்டும் வசதி இருக்கிறது. அது மேசையின் இடத்தைத் திருத்தும், ஆனால் வெட்டும் கருவி மேசையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதைத் தடுக்காது. பொருளைச் சரிசெய்த பின் மிஞ்சும் சில நூறில் ஒரு பங்கு மி.மீ.க்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று: தொடர்ந்து ஓடினால் சரி, இடையில் நின்று நின்று ஓடினால் கொஞ்சம் கொஞ்சமாகத் தவறுகிறது என்றால் ஜிஆர்பிஎல்லில் $1 எண்ணைப் பாருங்கள். நின்றவுடன் மோட்டாரை விட்டுவிடும் அமைப்பு அது. விட்டதும் ஷாஃப்ட் பக்கத்து முழு ஸ்டெப்புக்கு நழுவும். 255 என்று வைத்தால் பிடித்தே இருக்கும்.

கோளாறு: எதையும் தொடாமலே லிமிட் அடிக்கிறது

ஸ்பிண்டில் அணைந்திருக்கும்போது வராமல், ஓடும்போது மட்டும் வந்தால் அது மின் இரைச்சல். லிமிட் ஒயரும் ஸ்பிண்டில் ஒயரும் ஒரே சங்கிலிக்குள் ஒட்டி ஓடுகின்றனவா என்று பார்த்துப் பிரித்துவிடுங்கள். ஷீல்டு ஒயர் (மேலே உலோக உறை உள்ளது) போடுங்கள், அந்த உறையைக் கன்ட்ரோலர் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். உள்ளீட்டுப் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்று வைத்தால் பல இயந்திரங்களில் இதோடு அடங்கிவிடும். ஸ்பிண்டில் உடம்பு, இயந்திர ஃபிரேம் இரண்டும் எர்த்தோடு உண்மையிலேயே சேர்ந்திருக்கிறதா என்று மீட்டரில் பாருங்கள். பெயின்ட்டின் மேல் போட்ட போல்ட் எர்த் ஆகாது.

ஸ்பிண்டில் அணைந்திருந்தும் வந்தால் சுவிட்ச் அல்லது ஒயர். சுவிட்சின் மேல் படிந்த தூளே அதை அழுத்திப் பிடித்திருக்கலாம்.

கோளாறு: ஸ்பிண்டில்

கார்பன் பிரஷ் உள்ள மோட்டார் என்றால் பிரஷைக் கழற்றிப் பாருங்கள். குட்டையாகிவிட்டதா, கூட்டுக்குள் தூளில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதே பெரும்பாலான சமயம் விடை. விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வைத்த ஸ்பிண்டில் என்றால், வருடக்கணக்கில் மின்சாரம் பார்க்காத விஎஃப்டியின் உள்ளே பெரிய கப்பாசிட்டர்கள் தளர்ந்திருக்கும். அதற்கு நேராக முழு மின்சாரம் கொடுக்காமல், வேரியாக் (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) மூலம் படிப்படியாக ஏற்றி விழிக்கவைப்பது பாதுகாப்பு. அந்தக் கருவி இல்லை என்றால், வைத்திருக்கும் எலெக்ட்ரிக்கல் வேலைக்காரரிடம் கொடுங்கள். தண்ணீரில் குளிரும் ஸ்பிண்டிலில் தண்ணீர் திரும்பி வருவதைக் கண்ணால் பார்த்த பின்தான் சுழற்ற வேண்டும். பழைய குழாய்க்குள் பாசியடைப்பு இருக்கும்.

பேரிங் கிரீஸ் இறுகியிருக்கும் என்பதால் முதல் முறை குறைந்த வேகத்தில் சில நிமிடம் சுழலவிட்டு, சத்தத்தையும் சூட்டையும் பார்த்துக்கொண்டே ஏற்றுங்கள். அரைக்கும் சத்தம் தொடர்ந்தால் பேரிங் மாற்றத்தான் வேண்டும். கருவியைப் பிடிக்கும் காலட்டையும் அது உட்காரும் குழிவையும் துடைத்து மாட்டுங்கள். அங்கே இருக்கும் ஒரு துகள் போதும், கருவி ஆடியபடி சுழலும்.

கோளாறு: பாதி வேலையில் நின்றுவிடுகிறது

ஒவ்வொரு முறையும் ஒரே வரியில் நின்றால் அந்த ஜி-கோடு (இயந்திரத்துக்கான கட்டளை மொழி) வரியைப் பாருங்கள், கன்ட்ரோலருக்குத் தெரியாத கட்டளை இருக்கும். வேறு வேறு இடத்தில், ஆனால் ஏறக்குறைய ஒரே நேரத்துக்குப் பின் நின்றால் சூடு. டிரைவரின் ஃபேன் சுழல்கிறதா, ஹீட் சிங்கில் தூள் மூடியிருக்கிறதா? நேரமும் இடமும் ஒழுங்கே இல்லாமல் நின்றால் யூஎஸ்பி தொடர்பு அறுவது, ஸ்கிரீன் சேவர், ஸ்லீப், ஆன்டிவைரஸ். சிஎன்சி ஓட்டும் கம்ப்யூட்டரில் இவை எல்லாவற்றையும் அணைத்து, இணையத்தையும் துண்டித்துவிடுங்கள்.

முதல் ஓட்டம்

கருவி இல்லாமல், ஸ்பிண்டில் அணைந்த நிலையில் ஓட்டுங்கள். ஓட்டும் முன் அவசர நிறுத்தம் வேலை செய்கிறதா என்று நகர்ந்துகொண்டிருக்கும்போதே அழுத்திப் பாருங்கள். பிறகு மேசையில் கேஜை வைத்துப் பூஜ்யம் செய்து, நிறையத் திருப்பங்கள் உள்ள ஒரு வேலையை இசட்டை உயர்த்தி வைத்து, காற்றிலேயே அரை மணி நேரம் ஓடவிட்டு, மீண்டும் அதே பூஜ்யத்துக்கு அழையுங்கள். கேஜ் முள் முன்பு நின்ற இடத்திலேயே, 0.02 மி.மீ.க்குள் வந்து நின்றால், மென்மையான மரத்திலோ ஃபோமிலோ குறைந்த ஆழத்தில் வெட்டத் தொடங்கலாம். நிற்கவில்லை என்றால் எந்த அச்சு, எந்தப் பக்கம், எவ்வளவு என்று குறித்துக்கொண்டு மேலே அளவு பற்றிய பகுதிக்குப் போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே வேலையை அதே வேகத்தில் மறுபடி ஓட்டுங்கள். சரியான பிறகு செட்டிங் ஃபைலை இன்றைய தேதி போட்டு இன்னொரு காப்பி எடுத்து, பழைய காப்பிக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.